கடைசிக் கைகுலுக்கல்

ஆஸ்பத்திரி வீதி, மேல்மாடி, சேர்வர் அறை.
ஏசி இரண்டு நாளாய்ச் சொட்டுகிறது,
கீழே ஒரு பெயின்ற் வாளி.
போனின் மறுமுனையில் நெடுந்தீவுக் கிளை: கொன்சி, காற்று,
காற்றுக்குள் யாரோ ஆடு கலைக்கிற சத்தம்.

"எழுதுறீங்களோ மிஸ்?
பெரிய கே. சின்ன கியூ. ஏழு. சாய்கோடு. பெரிய டபிள்யூ..."
நாற்பத்துநாலு எழுத்து, கடைசியில் சமன் குறி.
"இதை இப்பிடிக் கத்திச் சொல்லலாமோ?
ஜெற்றிக்குப் போற சனம் முழுக்கக் கேக்குது."

கேட்கட்டும்.
நீங்கள் வாசிப்பது பூட்டு.
பூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பேப்பரில் போடலாம்.
திறப்பு உங்கள் மெஷினில் பிறந்தது,
அங்கேயே கிடக்க வேண்டியது.
எனக்கும் அனுப்பாதீங்கோ.
நான் கேட்டாலும் அனுப்பாதீங்கோ.
நான் கேட்டால் அது நானில்லை.

தீவுக்கும் பட்டினத்துக்கும் நடுவில் கடல் மட்டுமா?
யாரோ நட்ட கோபுரம், யாரோ வாடகைக்கு விட்ட கம்பி,
பார்க்க உரிமையுள்ளவன்,
உரிமையைப் பற்றி யோசிக்காமலே பார்ப்பவன்.
கடிதமெல்லாம் ஒருக்காப் பிரித்து ஒட்டியபடி வந்த காலத்தில்
எழுத்துக்கூட்டப் பழகினவள் நான்.
உறைக்குள் உறை வைத்து ஒட்ட
எனக்கு ஆரும் படிப்பிக்க வேண்டாம்.
வெளி உறையில் தெரிவது
எங்கிருந்து, எங்கே, எவ்வளவு கனம்.
அதுவும் தெரியாது என்று விற்கிறவன்
பொய் விற்கிறான்.

பத்தரைக்கு முதல் கைகுலுக்கல்.
நோயாளியின் பெயர் வந்தது, வயது வந்தது,
நெஞ்சுப் படம் வரவில்லை.
வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
உறைக்குள் உறை வைத்தால் உள்ளே இடம் குறையும்,
இவ்வளவு பேசியும் அதை மறந்திருந்தேன்.
ஆயிரத்து நானூற்றிருபதை
ஆயிரத்து இருநூற்றெண்பது ஆக்கினேன்.
எழுபத்திரண்டு வயது மீனவர் ஒருவரின் விலா எலும்புகள்
கடல் தாண்டி வந்து சேர்ந்தன, ஒருவர் கண்ணிலும் படாமல்.
இடப்பக்கம் அடியில் ஒரு மங்கல்.
அது டொக்டரின் பாடு.

எழும்பமுன் பட்டியலைப் பார்த்தேன்.
ஆறு பெயர். ஆறாவது: சேந்தன்-போன்.

சேந்தன் ஸ்காபரோ போய்ப் பதினான்கு மாதம்.
இந்த அறையின் கம்பி முழுக்க அவன் இழுத்தது,
லேபல்கள் அவன் கையெழுத்து, எட்டு எல்லாம் சரிந்து கிடக்கும்.
கடைசிக் கைகுலுக்கல்: நேற்றிரவு 2:11.
வந்தது நூற்றெண்பது பைட்.
போனது தொண்ணூற்றிரண்டு.

ஒரு வசனத்துக்கும் காணாது அது.
ஒரு கோப்பும் திறக்கவில்லை.
வந்து, நான்தான் என்று நிரூபித்து,
ஒன்றும் கேளாமல் போயிருக்கிறது.
போனின் பழக்கமாக இருக்கலாம்.
பொக்கற்றுக்குள் விரல் பட்டிருக்கலாம்.
அங்கே அப்போது பின்னேரம் நாலு நாற்பத்தொன்று,
வேலை முடிந்து பஸ்ஸில் இருந்திருக்கலாம்.
பதினான்கு மாதத்தில் என் மெசேஜ் ஒன்றுக்கும்
அவன் பதில் எழுதியதில்லை.

போகிறவரின் பூட்டை அன்றைக்கே கழற்ற வேண்டும்.
அந்த விதியைச் சுவரில் ஒட்டியதே நான்.
மறந்துவிட்டேன் என்று அறிக்கையில் எழுதினேன்.
அது முழு உண்மையில்லை,
அதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

ஒரே அழுத்தில் முடிகிற வேலை.
சமன் குறியில் தொடங்கி
பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாய் அழித்தேன்.

இனி அவன் தட்டினால்
இல்லை என்றுகூட இது சொல்லாது.
தெரியாதவருக்கு வாய் திறக்காதபடி எழுதப்பட்டது;
இங்கே ஒரு கதவு இருந்ததென்றே காட்டாது.
ஐந்து செக்கனுக்கு ஒருதரம் தட்டும்.
ஒன்றரை நிமிஷம்.
பிறகு விட்டுவிடும்.

கொன்சி திரும்ப எடுத்தா.
"படம் போகுது மிஸ், வடிவாப் போகுது. வைக்கட்டோ?"
வையுங்கோ.

வாளி நிரம்பியிருந்தது.
கொண்டுபோய் ஊற்றினேன்.